குழாய் நுனியில் செலீனா

செலீனா கிரான்ஷாவின் முன்னால் யாரும் ரகசியம் பேச முடியாது. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று முணுமுணுத்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். இத்தனைக்கும் அவளுக்குக் காது கேட்காது.

பன்னிரண்டு வயதில் தறிக்கூடத்துக்குள் போனவள். முந்நூறு விசைத்தறிகள் ஒன்றாக இடிக்கிற இடத்தில் நாற்பத்தோரு வருஷம் நின்றால் காது எங்கே மிஞ்சும்? இங்கிலாந்தின் வடக்கே எங்கள் பர்ன்லி ஊரில் நெசவுக்காரிகள் எல்லோரும் உதட்டால்தான் பேசுவோம். சத்தம் வராது, உதடு மட்டும் பெரிதாக அசையும். அதற்கு மீமோ என்று பேர். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வம்பு போய்ச் சேர்ந்துவிடும். வெளியே வந்தாலும் பழக்கம் போகாது. கறிக்கடை வரிசையில் கருப்பைக் கோளாறு மாதிரி விஷயங்களை இன்றைக்கும் சத்தமில்லாமல்தான் சொல்லிக்கொள்கிறோம்.

நான் அவளுக்குப் பக்கத்துத் தறி. டோரா என்று கூப்பிடுவார்கள். எனக்கு அடுத்த தறி பெர்த்தா. அல்மா தெருவிலும் அதே வரிசைதான், அடுத்தடுத்த வீடு. அதனால் 1941 ஜனவரியில், ஜெர்மன்காரன் ராத்திரி ராத்திரியாகக் குண்டு போட்டுக்கொண்டிருந்த நேரம், ஒவ்வொரு தெருவும் மூன்று பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, யார் யார் என்று பேசவே இல்லை. செலீனா நேராக எங்கள் பகுதி விமானத் தாக்குதல் பாதுகாப்பு வார்டன் வால்ட்டர் கெர்ஷாவின் சிப்ஸ் கடைக்குப் போய் மூன்று பேரையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு பொட்டலம் சிப்ஸோடு திரும்பினாள்.

அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் புருஷன் ஹெரால்டு மாடி அறையில் படுத்திருந்தார். தறி பழுது பார்க்கிறவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து, படியிறங்கினால் மூச்சு நின்றுவிடும் என்ற நிலை. சங்கு ஊதினால் தெரு முழுக்க முனையிலிருந்த செங்கல் பதுங்கிடத்துக்கு ஓடும். செலீனா ஹெரால்டு கட்டிலருகில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பாள்.

"கூரையில தீக்குண்டு விழுந்தா அவர தூக்கிட்டு என்னால ஓட முடியாதுடி. தீயத்தான் தூக்கிப் போடணும்" என்றாள் என்னிடம்.

தீக்குண்டை அணைக்க வாளிப் பம்பு வேண்டும். வாளிக்குள் நிறுத்தி, ஒரு காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு கையால் அடிக்கிற பம்பு. முப்பதடி ரப்பர் குழாய். ஒருத்தி அடிப்பாள், ஒருத்தி தண்ணீர் சுமப்பாள், ஒருத்தி குழாய் நுனியைப் பிடித்துக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து புகைக்குள் போவாள். எங்கள் பகுதிக்கு வந்தவற்றில் மிச்சம் ஒன்றே ஒன்று. சோதனையில் தேறினால் எங்களுக்கு, இல்லையென்றால் பெர்ரி தெருவுக்கு.

கெர்ஷா ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி அறையில் பாடம் நடத்தினார். பலகையில் எழுதத் திரும்பினால் போதும், செலீனா எழுந்து போய் அவர் இரண்டு தோளையும் பிடித்து வகுப்பைப் பார்க்கத் திருப்பிவிடுவாள்.

"செலீனா, நான் எழுதணுமா வேணாமா?"

"எழுதுங்க வால்ட்டர். வாயத் தொறக்காம எழுதுங்க."

சோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் கடையில் எங்களைத் தனியாக நிறுத்தினார். லட்லோ என்று ஒரு அதிகாரி வருகிறாராம். தெற்கத்திக்காரர், கறாரானவர். புகை நிறைந்த கொட்டகையில் ஒரு பழைய கட்டிலுக்கு அடியில் தீ வைப்பாராம். உத்தரவைச் சத்தமாகக் கொடுக்கவேண்டும், உள்ளே இருக்கிறவள் கேட்டு நடக்கவேண்டும்.

"நுனிய பெர்த்தாகிட்ட குடுத்துரு, செலீனா. நீ தண்ணி தூக்கு."

பெர்த்தா தன் இடுப்பைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "கட்டிலுக்கு அடியில நான் போனா, வால்ட்டர், கட்டிலும் சேந்து வெளிய வரும்."

சிரித்தோம். ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அந்த வாரம் சேப்பல் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த பழைய சலவைக் கொட்டகையில் ஈர வைக்கோலைக் கொளுத்திப் பழகியபோதுதான் எங்களுக்கே உறைத்தது. புகையில் உதடு தெரியாது. வாசலில் நின்று நான் எவ்வளவு பெரிதாக வாயைத் திறந்தாலும் செலீனாவுக்கு நான் ஒரு நிழல். தண்ணீர் தீர்ந்தது தெரியாமல் நுனியை நீட்டிக்கொண்டு கிடந்தாள். காலைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தோம்.

மறுநாள் தறியில் நிற்கும்போது என் முழங்கையைத் தட்டி, என் உள்ளங்கையைத் தன் தறியின் முன்கட்டையில் வைத்து அழுத்தினாள். கட்டை அதிர்ந்தது.

'இழை அறுந்தா உனக்கு எப்படித் தெரியும்?' உதடு கேட்டது.

'கையில தெரியும்.'

'அப்போ குழாய்லயும் தெரியுமில்ல?'

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் ஒத்திகை. துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனை மாடியில் ஹெரால்டு கையில், மறுமுனை சமையலறையில் தரையோடு படுத்திருந்த செலீனா கையில். ஒரு இழுப்பு, தண்ணீர் விடுகிறோம். இரண்டு, நிறுத்துகிறோம். மூன்று, ஓடி வா. படுத்த படுக்கையாகி இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஹெரால்டுக்கு ஒரு வேலை கிடைத்தது. மனுஷன் விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, பூட்ஸுக்குப் பாலிஷ் போடும்போது, எப்போது வேண்டுமானாலும் கயிறு இழுபடும். செலீனா அதை இடுப்பில் கட்டிக்கொண்டே அடுப்படியில் திரிந்தாள். நாலாவதாக ஒரு சைகையையும் அவரே சேர்த்துவிட்டார். நாலு இழுப்பு என்றால் டீ.

மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை. அரை நாள் ஆலை முடிந்து, முக்காட்டில் பஞ்சோடு அப்படியே வந்துவிட்டோம். கொட்டகை நின்ற சேப்பல் மைதானத்தைச் சுற்றி இரண்டு தெருவும் கூடியிருந்தது. மைதானத்துக்கு நேர் எதிரே செலீனாவின் மாடி ஜன்னல். ஹெரால்டை மூன்று தலையணை வைத்து ஜன்னலோரம் நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள்.

பெர்ரி தெருக்காரர்கள் முதலில் போனார்கள். நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் கூட்டம் கத்திய கத்தலில் அவர்கள் உத்தரவு உள்ளே போய்ச் சேரவில்லை. உள்ளே இருந்தவர் இருமிக்கொண்டு பாதியிலேயே வெளியே வந்துவிட்டார். கொட்டகையில் மறுபடி வைக்கோலைக் கொளுத்தினார்கள்.

முப்பது கஜம் தள்ளி லட்லோ தன் குமாஸ்தாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். செலீனா இரும்புத் தொப்பியின் வாரை இறுக்குவதை நிறுத்தினாள். பிறகு மைதானத்தைக் கடந்து நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"செவிட்டுப் பொம்பளைய அனுப்பி நேரத்த வீணாக்க வேணாம், பேர அடிச்சுருன்னு சொன்னீங்க. அடிங்க ஐயா. நான் ஒரு தடவ உள்ள போயிட்டு வந்த பெறகு அடிங்க."

லட்லோ குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா தன் பூட்ஸைப் பார்த்தான்.

"இது உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்கதான்."

அவர் காலர் வரைக்கும் சிவந்தார். "மூன்று நிமிஷம்" என்றார். "உத்தரவுகள் என் காதில் விழவேண்டும். விழாத ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போகும். நான் விசில் ஊதினால் கூரை சரிகிறது என்று அர்த்தம். பத்து எண்ணுவதற்குள் வெளியே வரவேண்டும்."

விசில். அவளுக்கு அது எங்கே கேட்கும்? செலீனா தலையாட்டிவிட்டு வயிற்றால் புகைக்குள் போய்விட்டாள்.

நான் குழாயை ஒருமுறை இழுத்துவிட்டு அடிக்க ஆரம்பித்தேன். குழாய் விறைத்தது. உள்ளே சுர்ரென்று சத்தம். கூட்டம் கூச்சல் போட்டது, பெர்த்தா வாளியோடு ஓடினாள், தண்ணீர் என் காலெல்லாம் கொட்டியது. எனக்குத் தறிக்கூடத்தில் நிற்பது போலவே இருந்தது. அங்கேதான் தப்பு நடந்தது.

"ஏம்மா, உத்தரவு எங்கே?" லட்லோ என் காதருகில் கத்தினார்.

"குடுத்துட்டேனே ஐயா" என்றாள் பெர்த்தா. "மூணு தடவ."

"எனக்குக் கேட்கவில்லையே."

"பாக்கணும் ஐயா."

ஒரு நிமிஷமாக நாங்கள் இரண்டு பேரும் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். குமாஸ்தாவின் தாளில் எங்கள் கட்டமெல்லாம் காலி. பெர்த்தா பதறிப்போய், எந்தத் தேவையும் இல்லாமல் "தண்ணி" என்று சேப்பல் கண்ணாடி அதிரக் கத்தினாள்.

அப்போது விசில் ஊதியது.

மூன்று தடவை இழுத்தேன். குழாய் வரவில்லை. உள்ளே எதிலோ சிக்கியிருந்தது, கட்டில் காலாக இருக்கும். மறுபடி மூன்று. அசையவில்லை. லட்லோ எண்ண ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. பெர்த்தா வாளியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். மூன்று. மாடி ஜன்னலைப் பார்த்தேன். ஹெரால்டு கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். கை மேலும் கீழும் போனது, சட்டென்று நின்றது. மறுபடி போனது, நின்றது. உதடு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னது.

'நிறுத்து.'

நான் பம்பிலிருந்து கையை எடுத்தேன்.

குழாய் துவண்டது. ஐந்து. ஆறு. புகைக்குள்ளிருந்து முதலில் இரண்டு பூட்ஸ் வந்தது, பிறகு பாவாடை, பிறகு கரி அப்பிய முகம். குழாய் நுனியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, கோபத்தோடு எழுந்து நின்றாள்.

"எவடி தறிய நிறுத்துனது?"

எட்டு எண்ணியிருந்தார் லட்லோ.

எந்தச் செவிட்டு நெசவுக்காரியும் தன் தறி நின்றால் அந்த நொடியே திரும்பிப் பார்ப்பாள். அதைப் படுக்கையில் கிடந்த தறிக்காரருக்குத்தான் யோசிக்கத் தோன்றியது.

லட்லோ கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். வெளியே வரும்போது பூட்ஸில் கரித்தண்ணீர் சொட்டியது. தீ அணைந்திருந்தது, சுத்தமாக. அவர் எங்களைப் பார்த்தார், செலீனாவைப் பார்த்தார், தாளை எடுத்து வாய்க்கு முன்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு குமாஸ்தாவிடம் பேசினார். புத்திசாலி மனுஷன், ஒரே தடவையில் கற்றுக்கொண்டுவிட்டார்.

"என்னடி சொல்றாரு?" பெர்த்தா என் கையைக் கிள்ளினாள். எனக்கும் கேட்கவில்லை. செலீனாவின் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன்.

ஆனால் அந்தக் குமாஸ்தா, எழுதும்போது சொல்லிச் சொல்லி எழுதுகிற ரகம். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து, ஒவ்வொரு வார்த்தையாக எழுதினான்.

'உத்தரவு, பூஜ்யம். வெளியேற்றம், மிக நன்று. அணைப்பு, மிக நன்று. அல்மா தெரு, தேர்ச்சி. நுனி பிடிப்பவர், திருமதி எஸ். கிரான்ஷா.'

லட்லோ தொண்டையைச் செருமி அறிவிக்க வாயெடுப்பதற்குள் செலீனா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள். மாடி ஜன்னலைப் பார்த்து, கரி படிந்த உதட்டை அகலமாகத் திறந்து சொன்னாள்.

'கெடச்சிருச்சு. பம்பு நம்மளுது.'

கண்ணாடியில் ஹெரால்டின் மூச்சு படிந்து படிந்து மறைந்தது. பிறகு இல்லாத கயிற்றைப் பிடித்து, நிதானமாக, நாலு தடவை இழுத்தார்.