வெட்டாத துணியை வெட்டிவிட்டோம் என்றேன்

போன வருடம், திருப்பூர் நல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நடந்தது இது. வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பது என் வேலை. ஸ்பெயினிலிருந்து ஆர்டர் வந்ததும் எனக்கு ஸ்பானிஷ் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பல்லடம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி, 'கொர்தே, வெட்டினேன். கொர்தாமோஸ், வெட்டினோம்' என்று முணுமுணுத்துக்கொண்டே வருவேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஒரு நாள் மதியம் வீடியோ காலில், ஆர்டர் கொடுத்த ஸ்பெயின்காரப் பெண்மணி, குழந்தைகளின் டீ-ஷர்ட்டுகளை வெட்டியாகிவிட்டதா என்று ஸ்பானிஷில் கேட்டார். துணி சாயப்பட்டறையிலிருந்தே வந்து சேரவில்லை. ஆனால் நாளைக்கு முடியப்போகிற வேலையை இன்றைக்கே 'முடிஞ்சுதுங்க' என்பதுதான் எங்கள் தொழில் வழக்கம். போதாததற்கு, படித்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசை வேறு. "கொர்தாமோஸ்!" என்றேன். அவர் முகம் வாடிப்போனது. என் உச்சரிப்புதான் சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தே நிமிடத்தில் ஆங்கிலத்தில் மெயில் வந்தது. நாங்கள் அனுப்பிய சாம்பிளை ஒரு குழந்தைக்குப் போட்டுப் பார்த்தார்களாம். கழுத்து இறுக்கமாம், தலை மாட்டிக்கொண்டு அழுததாம். கழுத்தைப் பெரிதாக்கச் சொல்லத்தான் கேட்டாராம். வெட்டியாகிவிட்டதால் பரவாயில்லை, தள்ளுபடியில் விற்றுக்கொள்கிறோம் என்று முடித்திருந்தார்.

கட்டிங் மாஸ்டரிடம் ஓடினேன்.

"துணியே வரலீங்களே, யாருங்க வெட்டியாச்சுன்னு சொன்னது?" என்றார். என் முழியைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "உடுங்க கண்ணு. நாளைக்கு வந்ததும் பழைய அளவுலயே வெட்டிப்போடலாம். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். உண்மையைச் சொன்னால் ஆர்டர் போகலாம், என் வேலையும் போகலாம். உட்கார முடியவில்லை. மாடிப்படியில் ஏறினேன், இறங்கினேன். வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. எத்தனை குழந்தைகளின் தலையில் அந்தக் கழுத்து மாட்டும் என்ற நினைப்பு விடவே இல்லை. கடைசியில், எந்தப் பாடத்திலும் படிக்காத ஒரு சொல்லை போனில் தேடி எடுத்துக்கொண்டு அவரை அழைத்தேன்.

"நோ கொர்தாமோஸ். மென்தீ." வெட்டவில்லை. பொய் சொன்னேன்.

அவர் கழுத்தின் புது அளவைச் சொன்னார், அவ்வளவுதான். மேனேஜரிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆர்டர் நிலைத்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் எதை முடித்தேன் என்றாலும் அந்தப் பெண்மணி போட்டோ கேட்டார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். அனுப்பிவிடுவேன்.

இப்போதும் யாராவது "ஆச்சுங்களா?" என்று கேட்டால், நான் பார்த்தே இராத அந்தக் குழந்தையின் அழுகைதான் முதலில் நினைவுக்கு வருகிறது, எழுந்துபோய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன்.