செகந்திராபாத் பெர்லின்

போனில் பெர்லின் அக்கா தன் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் இருக்கும் ஜெர்மன்காரர் குழம்புவார். “ஊரைக் கேட்கவில்லை, உங்கள் பெயரைக் கேட்டேன்” என்பார். “பெயர்தான் பெர்லின். ஊர் செகந்திராபாத்” என்று அக்கா அழகான ஜெர்மன் மொழியில் பதில் சொல்வார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஆறு வருஷமாக இதைக் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் அவர் சலித்துக்கொண்டதில்லை.

ஜெர்மனியில் வீடுகளுக்கு வெப்பக் கருவி விற்கும் நிறுவனம் ஒன்றின் பில், புகார், பராமரிப்பு எல்லாவற்றையும் ஹைதராபாத்தில் உட்கார்ந்து பார்ப்பது எங்கள் வேலை. ஜெர்மன் தெரிந்தவர்கள் ஒன்பது பேர் இருந்தோம். தமிழ் பேசுகிறவர்கள் அக்கா, சுதர்சன், நான். நானும் சுதர்சனும் திருச்சி, சேலம் என்று வேலைக்காக வந்தவர்கள். அக்காவின் குடும்பம் நாசரேத் பக்கத்திலிருந்து வந்து நான்கு தலைமுறை ஆகிறது. அப்பா கிதியோன் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். பெர்லின் சுவர் இடிந்த வாரம் பிறந்த மகளுக்கு டிவியில் பார்த்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்.

பள்ளியில் கேலி செய்தார்கள். அப்படி என்னதான் ஊர் அது என்று பார்க்கத்தான் அக்கா ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாராம். ஆறு நிலைகளில் ஐந்தாவதைத் தாண்ட நான்கு வருஷம். வாரநாளில் மொபைல் கடையில் பில் போடும் வேலை, சனி ஞாயிறு வகுப்பு. வீடிருக்கும் மௌலா அலியிலிருந்து லோக்கல் ரயிலில் வரும்போது காதில் ஜெர்மன் வானொலி, வாயில் முணுமுணுப்பு. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, ஜபம் பண்ணுகிறாள் என்று நினைத்துத் தன் மகனுக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொன்னாராம்.

அப்படிப்பட்டவருக்கு ஏழு வருஷ வேலைக்குப் பிறகு மாதம் நாற்பத்தாறாயிரம். எனக்கு முப்பத்தொன்று.

ஜூன் மாதம் லூக்காஸ் வந்தான். ஹாம்பர்க்கிலிருந்து, இருபத்தைந்து வயது. இனி நாங்கள் எழுதும் ஜெர்மன் கடிதங்களை எல்லாம் தாய்மொழிக்காரனான அவன் சரிபார்ப்பான், அழைப்புகளும் எடுப்பான் என்று மேலாளர் புருஷோத்தமன் அறிவித்தார். ஆனால் வரிக் கழிவு என்றால் என்ன, பராமரிப்பு ஒப்பந்தம் எப்படிப் புதுப்பிப்பது என்று எதுவும் அவனுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அக்காதான் சொல்லிக்கொடுத்தார். நவம்பரில் ஒருநாள் கேன்டீனில் அவனே வெள்ளந்தியாகச் சொன்னான்: “ஊரில் இதைவிட அதிகம் கிடைக்கும். இந்தியா பார்க்கத்தான் ஒன்று அறுபதுக்கு ஒத்துக்கொண்டேன்.”

ஒரு லட்சத்து அறுபதாயிரம். சுதர்சன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான்.

மறுநாள் அக்கா மேலாளர் அறைக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார்.

“விசா விதி இருக்கு பெர்லின். வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு தொகைக்குக் கீழ குடுக்கவே முடியாது. என் கையில இல்ல” என்றார் புருஷோத்தமன்.

“சரி சார், அவனுக்குக் கீழ போகக் கூடாதுன்னு அரசாங்கம் சொல்லுது. எங்களுக்கு மேல போகக் கூடாதுன்னு எந்த விதி சொல்லுது?”

அவர் கணினியைப் பார்த்தார். பிறகு, “மார்க்கெட் ரேட்” என்றார்.

சுதர்சன் வேறு வழி யோசித்திருந்தான். லூக்காஸோடு யாரும் பேசக்கூடாது. அவன் வீடு மாறியதை வெளிநாட்டுக்காரர்களுக்கான போலீஸ் பதிவில் இன்னும் திருத்தவில்லை, அதைப் புகாராக எழுதிப்போட்டால் விசாவுக்கே சிக்கல் வரும். பாதிப் பேர் தலையாட்டினார்கள். கோபம் எனக்கும் இருந்தது, நானும் ஆட்டினேன்.

“நக்கோ, வேண்டாம்” என்று ஹைதராபாத் பேச்சில் தொடங்கினார் அக்கா. “அவன் என்ன செஞ்சான்? குடுத்தாங்க, வாங்கிக்கிட்டான். உனக்குக் குடுத்தா நீ வேண்டாம்னா சொல்லுவே? காய்கு, எதுக்கு அவனை விரட்டணும்? அவன் போனா அந்தக் காசு உன் பையிலயா வரப்போகுது?”

“அப்ப சும்மா இருக்கச் சொல்றீங்களா?”

“இல்ல. எல்லாரும் அவங்கவங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை நாளைக்குக் கொண்டுவாங்க.”

ஒன்பது ஆர்டர்களையும் அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரி விடாமல் படித்தார். எங்கள் வேலை எங்களுக்கு வரும் அழைப்புகளும் கடிதங்களும் மட்டும். புதியவருக்குப் பயிற்சி, அடுத்தவர் அழைப்புக்கு உதவி, மொழிபெயர்ப்பு எதுவும் அதில் இல்லை. வருஷக்கணக்கில் சும்மா செய்துவந்தோம். டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஆர்டரில் உள்ளதை மட்டும் குறையில்லாமல் செய்வோம் என்று எழுதி, ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டு, மேலாளருக்குக் கொடுத்தோம். ஒரு பிரதியை அக்கா லூக்காஸுக்கும் கொடுத்தார். “இது உன் மேல் கோபமில்லை. காபிக்கு எப்போதும்போல வா” என்று அவன் மொழியில் சொன்னார்.

டிசம்பர் அங்கே கடுங்குளிர். அழைப்புகள் குவியும் மாதம். இரண்டே நாளில் முடிக்காத அழைப்புகளால் லூக்காஸின் திரை சிவப்பாகிவிட்டது. மூன்றாம் நாள் புருஷோத்தமன் அக்காவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். குழுத் தலைவர் பதவி, தொண்ணூறாயிரம். மற்றவர்களை வழிக்குக் கொண்டுவந்தால் போதும்.

அன்று ரயிலில் அக்கா இதை என்னிடம் சொன்னார். அவர் கணவர் கலேப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். வாடகை வீடு. மகள் பெர்சிஸ் ஒன்பதாவது.

“வீட்டுல கேட்டீங்களா அக்கா?”

“அவர்கிட்ட போன்ல சொன்னேன். பெர்சிஸ்தான் பக்கத்துல இருந்துக்கிட்டு, ‘மம்மி, மத்தவங்களுக்கு எவ்ளோ?’ன்னு இந்தியில கேட்டா. மத்தவங்களுக்கு ஒண்ணுமில்லன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.”

மறுநாள் காலை, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் மாலை லூக்காஸ் முகம் வெளுத்து அக்காவின் மேசைக்கு ஓடிவந்தான். தெற்கு ஜெர்மனியில் ஒரு மலையோர ஊரிலிருந்து எழுபத்தெட்டு வயதுக் கிழவர் அழைத்திருக்கிறார். வீட்டில் வெப்பம் இல்லை. அதற்கு மேல் அவர் பேசும் வட்டார ஜெர்மன் வடக்கத்திக்காரனான இவனுக்குப் பிடிபடவில்லை. நெல்லைப் பேச்சு சில மெட்ராஸ்காரர்களுக்கு எப்படியோ, அப்படி. அக்காவுக்கு அந்தக் கிழவரை ஆறு வருஷமாகத் தெரியும்.

சுதர்சன் எழுந்து நின்றான். “எடுக்காதீங்க. இன்னைக்கு எடுத்தா எல்லாம் போச்சு.”

“வீட்டுக்குள்ள அஞ்சு டிகிரி இருக்கும்லே. அவர் ஒத்தையா இருக்காரு” என்று சொல்லிக்கொண்டே அக்கா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்.

கிழவர் கட்டிய தொகை வேறொருவர் கணக்கில் வரவாகியிருந்தது. அதனால் பராமரிப்பை நிறுத்தியிருந்தார்கள். அதைச் சரிசெய்து, பக்கத்து ஊர் பழுதுபார்ப்பவரை அனுப்பி, அவர் வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நாற்பத்திரண்டு நிமிஷம். முடித்ததும், எல்லா அழைப்புக்கும் எழுதுவதுபோல் குறிப்பு எழுதினார். ஒளிக்காமல் எழுதினார்: ‘இந்த அழைப்பு என் பணியில் சேராதது. பணியில் சேராத உதவிகளை ஊதியப் பிரச்சினையால் நாங்கள் நிறுத்தியிருக்கிறோம். வாடிக்கையாளர் குளிரில் இருந்ததால் நானே எடுத்தேன். பெர்லின்.’

சுதர்சன் பையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டான். எனக்கும் உள்ளுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் பட்டது.

அந்தக் குறிப்புகளை வாரம் ஒருமுறை ஜெர்மனியில் உள்ள நிறுவனத்தார் படிப்பார்கள். எட்டாம் நாள் அங்கிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: எங்கள் வாடிக்கையாளரின் பேச்சைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவருக்கு இது எப்படிப் பணியில் சேராதது? அடுத்த நாள் வீடியோ கூட்டம். லூக்காஸைக் கேட்டபோது, தன் வேலையில் பாதி நாங்கள் சொல்லித்தந்துதான் நடந்தது என்று புருஷோத்தமன் முன்னாலேயே சொன்னான்.

பிப்ரவரியில் சம்பள முறை மாறியது. எந்த நாட்டுக்காரர் என்பதை விட்டுவிட்டு மொழி நிலையையும் வேலை அனுபவத்தையும் வைத்துத் தரம் பிரித்தார்கள். அக்காவுக்கு எண்பத்திரண்டாயிரம், எனக்கு ஐம்பது. பயிற்சி கொடுத்தால் தனிப் படி. விசா விதியைக் காட்டி லூக்காஸுக்கு இன்னும் அக்காவைப்போல் இரண்டு மடங்குதான். “பாதி ஜெயிச்சு என்ன பிரயோஜனம்?” என்ற சுதர்சன் ஏப்ரலில் பெங்களூருவுக்குப் போய்விட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை. அக்காவும் தப்பென்று சொல்லவில்லை. தெரிந்தவர்களிடம் அவனுக்காகப் பேசி வைத்ததே அவர்தான்.

இப்போது ஒவ்வொரு காலாண்டிலும் மீதியிருக்கும் எங்கள் எட்டுப் பேர் பெயரையும் போட்டு அக்கா புருஷோத்தமனுக்கு ஒரு மெயில் அனுப்புகிறார். மீதி வித்தியாசம் எப்போது குறையும் என்று மரியாதையாக இரண்டே வரி. போன வாரம் அனுப்பியதில் புதிதாக ஒரு பெயரும் சேர்ந்திருந்தது. கையெழுத்துப் போட்ட ஒன்பதாவது ஆள் லூக்காஸ்.