காற்றாலை மழை

எனக்குப் பொறுமை கிடையாது. இதை என் அண்ணன் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டதால், நானே ஒப்புக்கொள்வதில் நஷ்டமில்லை.

தேனிக்கு வெளியே ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் எங்கள் ஆய்வுக் குழு சின்ன மழை ரேடார் ஒன்றை வைத்திருக்கிறது. பார்க்கத் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான் இருக்கும். அதைப் பொருத்திய முதல் மாதம் எனக்குச் சோறே இறங்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் வரும். மலைக்கு மேல் மேகம் கட்டுவதை அறைக்குள் உட்கார்ந்தே பார்க்கலாம் என்றால் யாருக்குத்தான் கால் தரையில் பாவும்?

அந்த மாதம் ஒரு நாள், உத்தமபாளையம் பக்கம் திரையில் சிவப்பாக ஒரு திட்டு. சிவப்பு என்றால் கொட்டும் மழை. அதற்குப் பக்கத்தில்தான் அண்ணனின் திராட்சைத் தோட்டம். பழுக்கும் நேரத்தில் பெருமழை பிடித்தால் பழம் வெடித்துப் போகும். அடுத்த படம் வரும்வரை காத்திருக்க எனக்கு ஏது பொறுமை? போனை எடுத்து, "அண்ணே, உடனே வெட்டிருங்க" என்றேன். இன்னும் ஒரு வாரம் பந்தலில் இருக்க வேண்டிய பழத்தை, என்னை நம்பி அவர் வெட்டினார். ஒரு சொட்டு விழவில்லை. திரையில் நான் பார்த்தது மழையே இல்லை, காற்றாலைகள். அசையாமல் நிற்கும் மலையையும் கோபுரத்தையும் ரேடார் தானே கழித்துவிடும். சுற்றுகிற இறக்கைகளைக் கழிக்காது. புளிப்புப் பழத்தை வியாபாரி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அதன்பின் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனாலும் சொந்தக்காரர்கள், "என்னத்தா, காத்தாடி மழை எப்ப?" என்றுதான் கேட்டார்கள்.

கேலியை விடுங்கள், எனக்கே என்மேல் ஆத்திரம். எங்கள் ரேடார் இரண்டு அலைகளை அனுப்பும். ஒன்று படுக்கைவாட்டில், ஒன்று நெட்டுக்குத்தாக. மழைத்துளியில் பட்டால் இரண்டும் ஒத்துப் போய்த் திரும்பும். காற்றாலையில் பட்டால் ஆளுக்கொரு திசை. அந்த ஒற்றுமையைக் காட்டும் படம் அன்று அதே திரையின் ஓரத்தில் திறந்தே கிடந்தது. நான்தான் பார்க்கவில்லை.

இந்தச் சித்திரையில் ஒரு மதியம், லோயர் கேம்புக்கு மேலே மலையில் ஒரு திட்டு முளைத்தது. கை போனுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். முதலில் ஒற்றுமைப் படத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, நடுவில் மட்டும் லேசான கலங்கல். மறுபடியும் ஏதாவது காற்றாலையா? அடுத்த படத்தில் திட்டு கம்பத்தை நோக்கி நகர்ந்திருந்தது, கலங்கலும் கூடவே நகர்ந்திருந்தது. காற்றாலை நகராது! மூன்றாவது படத்துக்குள் நகமெல்லாம் போய்விட்டது. பெரிய துளி விழும்போது இட்லி மாதிரி தட்டையாகும்; அதனால் படுக்கை அலை கூடுதலாகத் திரும்பும். ஓரங்களில் அப்படித்தான் இருந்தது. நடுவில், சிவப்பு உச்சத்துக்குப் போன இடத்தில், இரண்டு அலைகளும் ஏறக்குறைய சமம். உருண்டு புரண்டு வருவதற்கு ஏது படுக்கை, ஏது நெட்டு? ஆலங்கட்டி! நான் துள்ளியதில் டீ கிளாஸ் கவிழ்ந்தது. அது கம்பத்தைத் தாண்டி அண்ணனின் பழத்தின் மேல் விழப்போகிறது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. என் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகிவிட்டது.

"அண்ணே, ஆலங்கட்டி வருது. முக்கா மணி நேரம் இருக்கு, வெட்டுங்க."

பழத்துக்கு இன்னும் நான்கு நாள் வேண்டும். இன்றைக்கும் நான் தப்பாகச் சொன்னால், இரண்டாம் தடவையாக அவர் பழம் என்னால் போகும்.

"காத்தாடியா, மழையா? சரியாச் சொல்லு ஆத்தா. இங்கன வானம் வெள்ளையாக் கெடக்கு."

"மூணு படம் பாத்துட்டேண்ணே. நகருது."

"மூணு படமா? நீயா?"

அப்புறம் போனை வைக்காமலே அவர் கத்துவது கேட்டது. "ஏலே, கத்திரிய எடுங்கடா! தங்கச்சி சொல்லிருச்சு!"

சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் பாதி கிழிந்து தொங்கியது. கீழே நசுங்கிய பழம். மீதிப் பாதி கிரேட்டுகளில் தோட்டத்து வீடு முழுக்க அடுக்கியிருந்தது. "பக்கத்துத் தோட்டத்துக்காரகளும் வெட்டிட்டாக. உங்கண்ணந்தான் ஓடிப்போய்ச் சொன்னாக" என்றார் மதினி. அண்ணன் நெற்றியில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தது.

என்னவென்று கேட்டேன். அவர் ஃப்ரிட்ஜிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து வந்து திறந்தார். உள்ளே ஆலங்கட்டிகள், கோலிக்குண்டு அளவில். 'ரேடார் சொன்னது சரிதான்னு காட்ட, விழுந்ததை யாராவது எடுத்து வச்சாத் தேவல' என்று எப்போதோ அவரிடம் புலம்பியிருந்தேன். அவர் காதில் விழுந்ததாகவே நான் நினைக்கவில்லை.

"தலைல கிரேட்டக் கவுத்திக்கிட்டுத்தான் பொறுக்குனேன். கிரேட்டு ஒடஞ்சு கெடந்தது பெறகுதான் தெரிஞ்சுது" என்றார். "அளந்து எழுதிக்க. இனி எவனும் காத்தாடின்னு சொல்லக் கூடாது."

அளவுகோலை எடுத்தேன். கண்ணீரில் கோடு தெரியவில்லை. உருகுவதற்குள் அவரே வாங்கி அளந்தார்.