வத்தல்மலைக்குப் போய் ஆஸ்பத்திரி மெத்தைக்குள் பார்த்தேன்

பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் மிச்சமிருந்தது. வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்ட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. ஓசூரில் காலை 6.10க்குக் கிளம்பினேன். மாரண்டஹள்ளியில் இரண்டு இட்லி, வடை, டீ, நாற்பத்தைந்து ரூபாய். தருமபுரி சேரும்போது 8.40. அங்கிருந்து மலைக்குச் சுமார் 25 கிலோமீட்டர்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது ஒரு வளைவில் ஜல்லி சிதறிக் கிடந்தது. முன் பிரேக்கைப் பிடித்ததும் சக்கரம் வழுக்கி, ஓரத்துக் கல்லில் விழுந்து தொடை கிழிந்துவிட்டது. பின்னால் வந்த வேன்காரர், "பைக்க வுடுங்க, ஊர்ல பாத்துக்குவாங்க. துண்ட அழுத்திப் புடிங்க" என்று ஏற்றிக்கொண்டு வந்து, தருமபுரியில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் விட்டார். ஏழு தையல். இரண்டு நாள் தங்கச் சொன்னார் டாக்டர்.

வார்டில் ஒரே ஒரு கட்டில் காலி. உட்காரப் போனேன்.

"இருங்கண்ணா, படுக்காதீங்க," என்றார் நர்ஸ் சபீனா. விரிப்பை உருவினார். மெத்தையின் ரெக்சின் உறையில் மிளகு அளவு ஓட்டை. உறையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே வெள்ளைத் துணி வைத்து மூடினார். ஓட்டையின் மேல் தண்ணீர் ஊற்றி, முஷ்டியால் அழுத்தினார். எனக்கு வலியே மறந்துபோனது, எட்டிப் பார்த்தேன். ஜிப்பைத் திறந்து எடுத்தால் துணி ஈரம். அதற்கடியில் பஞ்சில், உள்ளங்கை அளவுக்குப் பழுப்புக் கறை.

அந்தப் பக்கமாக ஆஸ்பத்திரி மேனேஜர் வந்தார். "மேல ரெண்டு பெட்ஷீட் போடும்மா. வேற பெட் ஏது?"

"புதுத் தையலுங்க சார். இதுல யாரு ரத்தம், யாரு சீழ் ஊறிக் கெடக்குன்னு சொல்லுங்க, படுக்க வெக்கறேன்."

அவர் கடைக்கு ஆள் அனுப்பினார். வேறு மெத்தை வாங்கி வரும்வரை இரண்டேகால் மணி நேரம் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். இத்தனை சின்ன ஓட்டை வழியாகத் தொற்று ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. மாத்திரை அட்டையின் முனை, சாவி, பழம் நறுக்கும் கத்தி, இவைதான் உறையைக் குத்துமாம்.

பழைய மெத்தையை வெளியே கொண்டுபோன வாட்ச்மேன் மாதையன் தயங்கித் திரும்பி வந்தார். "சிஸ்டர், இத வூட்டுக்கு எடுத்துக்கவா? பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்குது. வெறுந்தரையில படுக்குது."

சபீனா கத்தரிக்கோலை எடுத்து, மெத்தையை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தார். "பச்சப்புள்ள வரப்போற வூடுண்ணா. இது வேணாம். எங்க வூட்ல இலவம்பஞ்சு மெத்த ஒண்ணு சும்மா கெடக்குது. சாயங்காலம் வாங்க, தரேன்."

எட்டாம் நாள் தையல் பிரிக்கப் போனேன். புண் சுத்தமாக ஆறியிருந்தது. வார்டில் மேனேஜரே சொம்பும் துணியுமாகக் கட்டில் கட்டிலாகக் குனிந்துகொண்டிருந்தார். "இன்னும் மூணு ஓட்டைங்க," என்றார், என்னைப் பார்க்காமல்.

மலைக்குப் போகிறவர்கள் ஜல்லி கிடக்கும் வளைவில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஓட்டையோ கறையோ இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். துணைக்கு இருப்பவர்கள் கத்தியையும் சாவியையும் மெத்தைமேல் வைக்காதீர்கள். உங்களுக்குப் பிறகும் அதில் ஒருவர் படுப்பார்.