மூணு மாசக் குடித்தனம்

போன வாரம் பெங்களூர் ரயிலில் எதிர் சீட்டுப் பெண் டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சைச் சோறு. தாளித்த வேர்க்கடலை கொஞ்சம் தீய்ந்த வாசனை. எனக்கு அந்தத் தீய்ந்த வாசனை பிடிக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அவள் வேலை பார்க்கும் கம்பெனியை மூடப் போகிறார்களாம். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள். "அக்கா, சம்பளத்துல இன்சூரன்ஸ்னு புடிக்கிறாங்களே, வேலை போனா எவ்ளோ நாளைக்குத் துட்டு குடுப்பாங்க?"

"மூணு மாசம். அதுவும் பாதிச் சம்பளம்."

"அவ்ளோதானா?"

நானும் ஒரு காலத்தில் இதே முகத்தை வைத்துக்கொண்டு இதையேதான் கேட்டேன். என் கல்யாண வாழ்க்கையில் நான் குடித்தனம் என்று நடத்தியதே அந்த மூன்று மாதம்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. சாப்பிடுகிற பிள்ளையைக் குழப்பக் கூடாது. உங்களிடம் சொல்லலாம்.

எனக்கும் கௌதமனுக்கும் கல்யாணம் ஆனபோது இருவரும் ஒரே கம்பெனியில்தான் இருந்தோம். பெங்களூரில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி. ஒரே இடத்தில் வேலை, ஜோடியாகப் போய் ஜோடியாக வரலாம் என்று இரண்டு வீட்டிலும் பூரித்துப்போனார்கள். எனக்கு முதல் ஷிஃப்ட், அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஊரிகத்தில் ஷிஃப்ட் என்பது புதிய சொல்லா? என் மாமனார் சுரங்கத்தில் எல்லா ஷிஃப்டும் பார்த்து, அதற்கிடையில் நான்கு பிள்ளைகளையும் பெற்றவர்.

நான் இருட்டில் ரயிலுக்குக் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். வார லீவும் வேறு வேறு நாள். முகம் பார்த்துப் பேசுவது கம்பெனி கேட்டில்தான். நான் வெளியே வரும் வரிசை, அவர் உள்ளே போகும் வரிசை, நடுவில் ஒரு இரும்புக் கம்பி. எங்கள் குடும்ப விஷயம் முழுவதும் அந்தக் கம்பிக்கு மேலாகத்தான் நடந்தது. "கேஸ் தீந்துபோச்சு", "மாமாவுக்கு இருமல்", "தங்கச்சிக்குப் பொண்ணு பொறந்துகீது". வீட்டில் ஒரே குடை. மழைக்காலத்தில் அதையும் அங்கேதான் கை மாற்றிக்கொள்வோம். செக்யூரிட்டி நாங்கள் காதலிக்கிறோம் என்று நினைத்து ஒரு நாள் கண்டித்தார். தாலியைக் காட்டிய பிறகுதான் விட்டார்.

பிறகு ஒரு நாள் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆர்டர் எல்லாம் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஆபீஸ்காரர் ஒருவர் எங்களை நிற்க வைத்து, இன்சூரன்ஸில் உதவித்தொகை உண்டு, மூன்று மாதம் வரை வரும், ஆயுளில் ஒரு தடவைதான் என்று விளக்கினார். ஜோடியாக நாங்கள் ரயில் ஏறியது அன்றைக்குத்தான். கௌதமன் ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, ஆயுளில் ஒரு தடவை என்றால் கல்யாணம் மாதிரியே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் சுரங்க லைன் வீட்டில் மாமனார் புத்தர் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "எங்க மைனை மூடி எவ்ளோ வருசம் ஆச்சு. தெறப்பாங்கன்னு இன்னும் சொல்லிக்கினுதான் கீறாங்க. உங்களுக்கு மூணே மாசத்துல முடிஞ்சிடுமாமே. பரவால்ல."

முதல் வாரம் பக்கத்து வீட்டு மேரி அக்கா வந்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். பட்டப்பகலில் நாங்கள் இருவரும் வீட்டில் இருந்தால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அறிமுகம்தான் போதவில்லை. கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து, என் கணவர் பல் தேய்த்துக்கொண்டே பேசுகிற ஆள் என்று கண்டுபிடித்தேன். நான் துணி துவைக்கும்போது எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்று அவர் கண்டுபிடித்தார். சண்டை போட்டோம். கேட்டில் சண்டைக்கு நேரம் கிடையாது. பாக்கி நிறைய இருந்தது. எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகு ஒரு மத்தியானம் அவர் அடுப்படிக்குப் போய் எலுமிச்சைச் சோறு செய்தார். வேர்க்கடலையைத் தீய்த்துவிட்டார். மூன்று பேரும் அதையே சாப்பிட்டோம். மாமனார் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு சாயங்காலங்களில் சயனைடு மேட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தோம். தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண் மலை. அங்கே கல்யாணமாகாத ஜோடிகள்தான் போவார்கள். காற்றடித்தால் கண்ணெல்லாம் மண். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் பேச, அவர் காதைக் கிட்டே கொண்டுவருவார். அந்த அளவுக்குக் கிட்டே அதற்கு முன் பகலில் வந்ததில்லை.

பணம் மட்டும் வரவில்லை. பெங்களூர் இன்சூரன்ஸ் ஆபீஸில் கேட்கப் போனபோதெல்லாம் அங்கிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "கெல்ஸ சிக்தா?" என்பார். வேலை கிடைத்ததா என்று கன்னடத்தில். இல்லை என்றால்தான் தருவார்கள். அப்படியும் தரவில்லை. என் வளையல்கள் ராபர்ட்சன்பேட்டை அடகுக் கடைக்குப் போயின.

இரண்டாம் மாதக் கடைசியில் வேறொரு கம்பெனி எங்கள் இருவரையும் கூப்பிட்டது. ஒரே ஷிஃப்ட் கிடைக்குமா என்று கௌதமன் கேட்டார். புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே ஷிஃப்ட் கொடுத்தால் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இருவரும் லீவு போடுவீர்கள் என்று அங்கிருந்த பெண் அதிகாரி தன்மையாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

அன்றைக்கு மேட்டடியில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வளையல் போய்விட்டது, அடுத்து தாலிதான் என்றேன். இந்த வேலையும் போய்விட்டால் யார் கூப்பிடுவார்கள் என்றேன். அவர் குனிந்து செருப்பில் ஏறிய மண்ணைத் தட்டினார்.

"இன்னும் ஒரு மாசம் கீதுமே," என்றார். "அத்த மட்டும் இருந்துட்டுப் போலாம்."

அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. இன்சூரன்ஸ் பணத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. சரி என்றேன். புத்தி உள்ளவர்கள் யாரும் செய்ய மாட்டார்கள். கூப்பிட்ட வேலையை விட்டுவிட்டோம்.

அந்த ஒரு மாதம் நாங்கள் பெரிய பணக்காரர்களைப் போல இருந்தோம். கஞ்சி குடித்தோம், ஆனால் மூன்று வேளையும் சேர்ந்து குடித்தோம். மாமனார் சுரங்கத்துக்குள் கூண்டில் இறங்கும்போது யார் யார் பயத்தில் என்ன பாட்டுப் பாடினார்கள் என்று பாடியே காட்டினார். கௌதமன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

மாதம் முடிந்தது. ஒரே ஷிஃப்ட் தருகிற கம்பெனி எதுவும் உலகத்தில் இல்லை என்று தெரிந்துகொண்டோம். எனக்குப் பெங்களூரில் கிடைத்தது. அவருக்கு ஓசூரில், தங்கும் இடத்தோடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். நாங்கள் இருவரும் வேலையில் சேர்ந்த பிறகு, வேலை இல்லாத காலத்துக்கான பணம் வந்து சேர்ந்தது. அந்த ஆபீஸ் அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். தாமதமாக வந்தாலும் கணக்குச் சரியாகவே இருந்தது. வளையலை மீட்டேன்.

பழைய கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அந்தக் கேட் எங்கே இருந்தது என்று ரயிலில் இருந்து தேடிப் பார்ப்பேன். நீச்சல் குளம்தான் தெரிகிறது. மாமனார் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. கௌதமனுக்கு ஓசூர் மெஸ் சாப்பாடு பழகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூங்கவே நேரம் சரியாக இருக்கிறது. நீங்கள் எப்போதாவது எங்கள் பக்கம் வந்தால் பகலில் வராதீர்கள். வாசலில் பூட்டுதான் தொங்கும்.