மூணிலையாரின் வேலி

என் அக்கா புருஷனுக்கு அந்த ஆராய்ச்சி நிலையத்தில் 'மூணிலையார்' என்று பெயர். தோட்டத்து ஆட்கள் வைத்தது. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். நான் அங்கே ஜீப் ஓட்டுகிறேன். அவரை ஏற்றி இறக்குவது என் தலையெழுத்து. வீட்டில் மாமா, ஜீப்பில் சார்.

முதலில் இலை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து ஆரஞ்சு மரம் பெரும்பாலும் தன் சொந்த வேரில் நிற்பதில்லை. வேரழுகலைத் தாங்கும் வேறொரு செடியின் மேல் ஆரஞ்சுக் கிளையை ஒட்டி வளர்ப்பார்கள். அடியில் இருப்பது வேர்ச்செடி. புதிதாக ஒரு வேர்ச்செடியை உண்டாக்க என் அக்கா பல வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு கிடந்தாள். ஆரஞ்சின் செல் ஒன்று, காம்புக்கு மூன்று இலை விடுகிற முள்செடியின் செல் ஒன்று. இரண்டின் மேல்சுவரையும் கரைத்து, ஒரே சொட்டில் விட்டு, மருந்து கலந்து ஒட்ட வைக்க வேண்டும். மகரந்தம் தூவிக் கலந்தால் அப்பனிடம் பாதி, அம்மாவிடம் பாதிதான் பிள்ளைக்கு வரும். இதில் இருவர் சொத்தும் முழுசாக வந்து சேரும். ஒட்டியதில் முக்கால்வாசி செத்தது. பிழைத்த ஒன்று துளிர்த்து, வேர்விட்டு, கண்ணாடிக் குடுவையிலிருந்து மண்ணுக்கு வந்தபோது அதற்கும் மூன்று இலை இருந்தது. அக்கா அன்று அழுதுவிட்டாள். துறைத்தலைவரான மாமா ஆராய்ச்சிக் கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டார்.

அந்தச் செடியைப் பெருக்கி, மேலே ஆரஞ்சை ஒட்டித் தோட்டத்தில் நட்டார்கள். மதிப்பீட்டுக் குழு வந்து காய்ப்பைப் பார்த்துச் சரி என்றால் செடி நாற்றுப்பண்ணைகளுக்குப் போகும். இல்லையென்றால் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, அக்காவின் ஆய்வு அறையையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அவளுக்குச் சோறு இறங்காத காலம் அது.

மாமாவுக்கு வந்த கவலையே வேறு. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் மரத்தை அண்ணாந்து பார்த்து, நல்ல ஆரஞ்சு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேரை எவன் குனிந்து பார்க்கப்போகிறான்? உட்காரும் நாற்காலியின் முதுகில்கூடத் தன் பெயரை எழுதி வைத்திருக்கிற மனுஷனுக்கு இது பொறுக்குமா? ஒட்டுக்குக் கீழே அவ்வப்போது வேர்ச்செடியின் சொந்தத் துளிர் முளைக்கும். உடனே கிள்ளி எறிய வேண்டும். விட்டால் மேலே போகிற சத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும். இது ஜீப் ஓட்டுகிற எனக்கே தெரியும். படித்த மேதை என்ன செய்தார் தெரியுமா? கிள்ளக் கூடாது என்று உத்தரவு போட்டார். மூன்று இலை வெளியே தெரிந்தால்தான் இது யாருடைய சாதனை என்று பார்க்கிறவனுக்குப் புரியுமாம். தூ!

அக்கா சாப்பாட்டு மேஜையில் எடுத்துச் சொன்னாள். "என்னங்க, இப்படியே விட்டா மேல இருக்கற மரம் செத்துடும்."

"கீழ இருக்கறவன் எப்பவும் கீழயே கிடக்கணுமா?" என்றார் மாமா.

கேட்டீர்களா வசனத்தை? இவரை யார் கீழே போட்டு மிதித்தது? குடித்த தம்ளரைக்கூட எடுத்து வைத்தறியாத துரை.

தோட்டத்தின் கடைசி இரண்டு வரிசை பள்ளத்தில் இருந்தது. தண்ணீர் தேங்கி எந்நேரமும் சேறு. பாலிஷ் போட்ட ஷூவோடு திரிகிற மாமா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அக்கா காலையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே இறங்குவாள். நானும் கூடப் போவேன். கட்டைவிரலால் துளிர்களைத் தேய்த்து உதிர்த்துவிட்டு வருவோம்.

குழு வந்தது. அதன் தலைவி வயதான அம்மாள், கறார் பேர்வழி. மாமா அவர்களை முன்வரிசைக்கு அழைத்துப் போனார். அங்கே ஆரஞ்சுக் கிளைகள் சுள்ளியாகக் காய்ந்திருந்தன. கீழிருந்து முள்ளும் மூன்று இலையுமாகப் புதர் மண்டியிருந்தது. மாமா இலையின் பெருமையை அளந்துகொண்டே போனார்.

"பழம் எங்க?" என்றார் அம்மாள்.

"இலையைப் பாருங்க மேடம்."

"இது வேர்ச்செடியா, வேலியா?"

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். திரும்பிப் போகலாம் என்று ஒருவர் சொன்னார். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"பின்னாடி ரெண்டு வரிசை இருக்கு மேடம்," என்றாள் அக்கா. "சேறா இருக்கும்."

அம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

பள்ளத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய வேர்ச்செடியில் ஒட்டி நட்ட மரங்கள் வேரழுகி மொட்டையாக நின்றன. அவற்றை ஒட்டியே அக்காவின் மரங்கள். குட்டையாக, நின்ற இடத்திலிருந்தே பறிக்கிற மாதிரி, கிளை தாழக் காய்த்திருந்தன. அம்மாள் குனிந்து மண்ணைக் கிளறி வேரைப் பார்த்தார். நோய் அண்டாத வேர். யார் இதைப் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் மாமா சேற்றில் வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்தார். இப்போதாவது மனுஷனுக்கு மனசு குளிரும் என்று நினைத்தேன். அவர் ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"என் இலை ஒண்ணுகூடத் தெரியலையே மேடம்."

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதனாலதான் பாஸ் பண்றேன்" என்று சொல்லிவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்.

அக்காவின் செடி இப்போது நாற்றுப்பண்ணைகளில் வளர்கிறது. முன்வரிசையைப் பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. அத்தனையையும் என் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டைச் சுற்றி நட்டுவிட்டார். நன்றாகப் பிடித்துக்கொண்டன. நாய்கூட உள்ளே நுழைவதில்லை. அக்கா துணி கிழியாமல் ஒதுங்கி ஒதுங்கித்தான் வேலைக்குப் போகிறாள்.

நேற்று வாசலில் நின்று, "எப்படி இருக்கு மச்சான்?" என்று என்னைக் கேட்டார்.

"வேலிதான் மாமா, சந்தேகமே இல்ல" என்றேன்.