நூறடி தள்ளி வைத்த அடுப்பு

வீடில்லாதவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன் பேர்வழி என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் முதலில் போய் நின்றது ஒரு அக்காவிடம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், அரிசி ஆலையின் பின்சுவரை ஒட்டிய அரசு நிலத்தில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார். சீசனில் மாங்காய் விற்பார். மூன்று வருஷம் கழித்து, போன மாதம் அவரே என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, பட்டாவுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். அங்கன எத்தன வருசமா இருக்கேன்னு ஆதாரம் கேக்காவ. ரேஷன் கார்டு சுரண்டைல அம்மா வீட்டு விலாசத்துலல்லா கெடக்கு. நீ படம் புடிச்சேல்லா, அதக் குடு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் படம் ஒருத்தருக்கு வீட்டுமனை வாங்கித் தரப் போகிறது! லேப்டாப்பைத் திறந்தேன்.

முதல் காட்சியில் அக்கா அடுப்பு ஊதுகிறார். பின்னால் மலை, சாரல், வெள்ளைக் கோடாய் அருவி. ஆலைச் சுவரைக் காணோம். சுவர் மலையை மறைக்கிறது என்று அடுப்பு, பாய், கொடிக்கயிறு எல்லாவற்றையும் நூறடி தள்ளிக் கால்வாய்க் கரையில் வைக்கச் சொன்னது நான்தான். மிச்சமெல்லாம் முகத்தை மட்டும் காட்டுகிற குளோஸ்-அப்.

"கால்வாய்க்கரைல இருந்தா பட்டா கெடையாதுன்னுல்லா சொல்லுதாவ!" என்றார் அக்கா. "ஏலே, நீதானல அங்கன தூக்கிட்டு வரச் சொன்ன? ஒழுங்கா வந்து ஆபீசர்ட்ட சொல்லு."

போனோம். கிராம அலுவலகத்தில் அதிகாரி பொறுமையாக இரண்டு தடவை பார்த்தார்.

"நல்லா எடுத்திருக்கீய. ஆனா இவங்க கால்வாய்ப் புறம்போக்குலல்லா இருக்காங்க?"

"ஷூட்டிங்குக்காக நான் மாத்தி வச்சேன் சார்."

"அப்ப இது பொய்யா?"

"அவங்க கஷ்டம் நிஜம் சார். இடம் மட்டும்தான்..."

"இடத்துக்குத்தான தம்பி பட்டா?"

எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன்: இந்தக் காட்சி நான் ஜோடித்தது. அக்கா குடியிருந்தது ஆலைச் சுவர் ஓரம். அதை அன்றே கண்ணால் கண்டேன். கையெழுத்துப் போட்ட பிறகு வாசித்தால் எனக்கே குழப்பம். முதல் வரியில் ஜோடித்தேன் என்கிறவனை இரண்டாவது வரியில் யார் நம்புவார்? மேலே அனுப்புவதாகச் சொல்லி அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "கெடச்சிரும்லா?"

"தெரியலக்கா."

"படம் புடிக்கையில மட்டும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசின. சரி வா, இப்பம் செவரோட சேத்துப் புடி."

இப்போது எடுப்பது மூன்று வருஷத்துக்கு எப்படி ஆதாரமாகும்? என்றாலும் கேமராப் பையோடு அவர் பின்னால் நடந்தேன்.